புள்ளி ஆந்தையை பாஸ்டலில் வரைய: புகைப்பட அனுமதியிலிருந்து ஃபிரேம் வரை ஒரு வழிகாட்டி

தன் போக்கில் வாழும் ஓர் ஆந்தையின் முகத்தை உணர்ச்சியோடு பாஸ்டலில், அதாவது நிறத்தூளால் செய்த குச்சிகளில், வரைய இறங்கினால், வண்ணம் தீட்டுவது அதில் பாதி வேலைதான். எந்தப் படத்தைப் பார்த்து வரையலாம், யாரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், எந்தத் தாளில் தூள் நிற்கும், முடிந்த ஓவியத்தை ஃபிரேம் கடையில் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் தமிழில் சொல்ல ஆள் கிடைக்காமல் நிறைய அலைந்தேன். நீங்களும் அதே அலைச்சலைப் பட வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். பென்சிலில் ஓரளவு உருவம் வரைய வரும், பாஸ்டல் புதிது என்பவர்களுக்கு இது பொருந்தும்.

கையில் ஒரு மாதம் இருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வரைய அவ்வளவு நாள் ஆகாது. மூன்று, நான்கு மாலைகளில் ஓவியம் முடிந்துவிடும். மற்ற நாட்களெல்லாம் அனுமதிக்கும் தாளுக்கும் ஃபிரேமுக்கும் காத்திருக்கும் நாட்கள்.

1. பறவையை முடிவு செய்து, நேரில் பாருங்கள்

முதல் ஓவியத்துக்குப் புள்ளி ஆந்தையைத்தான் சொல்வேன். சுமார் 21 செ.மீ. நீளம், மைனா அளவுதான் இருக்கும். சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு, தலையில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள், வெள்ளைப் புருவம், கழுத்தில் வெளிர்ப் பட்டை, நல்ல மஞ்சள் கண். இந்த மஞ்சளுக்கும் பழுப்புக்கும் உள்ள வேறுபாடே ஓவியத்தைத் தூக்கி நிறுத்தும்.

கூகையின் இதய வடிவ வெள்ளை முகம் எல்லோரையும் இழுக்கும். ஆனால் வெள்ளைக்குள் வெள்ளையாக நுட்பமான நிழல்களைப் பிரித்துக் காட்டப் பழகிய கை வேண்டும். கண்ணும் கருமை என்பதால் முகத்தில் வண்ணம் என்று பிடித்துக்கொள்ள அதிகம் இருக்காது. பாறைக் குன்றுகளில் வாழும் கொம்பன் ஆந்தைக்கு ஆரஞ்சுக் கண்ணும் தலையில் கொம்பு போன்ற இறகுகளும் உண்டு. கம்பீரமான பறவை. ஆனால் உடம்பெங்கும் கோடும் வரியுமாக இருப்பதால் புதியவர்கள் இறகுகளை எண்ணி எண்ணி வரைந்து களைத்துவிடுவார்கள். இரண்டையும் பிறகு வரையலாம்.

புள்ளி ஆந்தையைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பழைய புளியமரம், ஆலமரம், வேம்பு, ஓட்டை விழுந்த பழைய கட்டடச் சுவர், கல்லூரி வளாகம், ஊர் ஓரத் தோப்பு என எங்கும் ஜோடியாகவோ குடும்பமாகவோ இருக்கும். சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்னால் பொந்தின் வாயில் வந்து உட்காரும். அப்போது கிடைக்கும் சாய்ந்த வெளிச்சம்தான் ஓவியத்துக்கு உகந்தது. காப்புக்காட்டுக்குள் போய்ப் பார்ப்பதானால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இந்த ஓவியத்துக்கு அது தேவையே இல்லை.

சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். ஃபிளாஷ் கூடாது. கைப்பேசியில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கக் கூடாது. பொந்துக்குள் எட்டிப் பார்க்கவோ மரத்தைத் தட்டவோ கூடாது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம், அப்போது இன்னும் தள்ளியே நில்லுங்கள். உங்களைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டி உற்று நோக்கினால், நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டடி பின்னால் வந்தால் போதாது, அந்த இடத்தை விட்டே நகர்ந்துவிடுங்கள்.

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே யாராவது கையில் பிடித்தபடி, கயிற்றில் கட்டி வைத்தபடி எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதைப் பார்த்து வரையாதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிடிபட்ட ஆந்தையின் முகம் வேறு. இறகுகள் உடம்போடு ஒட்டி இறுகியிருக்கும், கண் விரிந்து மிரண்டிருக்கும். அந்த மிரட்சியைத்தான் பலர் கம்பீரம் என்று எண்ணி வரைந்துவிடுகிறார்கள். கீழே கிடக்கும் இறகையும் மாதிரிக்காக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

2. புகைப்படத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள்

நீங்களே எடுத்த படம் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். ஆனால் கைப்பேசியில் எடுத்தால் ஆந்தை ஒரு புள்ளியாகத்தான் விழும். அதனால் பெரும்பாலானோர் வேறொருவர் எடுத்த படத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. இங்கேதான் அதிகம் பேர் சிக்கிக்கொள்கிறார்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஒரு புகைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை இருக்கும். சொந்தப் பயிற்சிக்காக வீட்டில் வரைந்து வைத்துக்கொள்ளலாம், அதற்குச் சட்டம் இடம் தருகிறது. கண்காட்சியில் வைப்பது, விற்பது, அச்சுப் பிரதி போடுவது, போட்டிக்கு அனுப்புவது எல்லாவற்றுக்கும் எடுத்தவரின் சம்மதம் வேண்டும். ‘முப்பது சதவீதம் மாற்றிவிட்டால் போதும்’ என்று ஒரு பேச்சு ஓவியர்களிடம் உலவுகிறது. அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் கிடையாது.

இலவச உரிமம் உள்ள படங்களிலும் கவனம் வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது படைத்தவரே முன்கூட்டித் தரும் பொது அனுமதி, அதில் பல வகை உண்டு. பெயர் மட்டும் குறிப்பிடச் சொல்லும் உரிமம் உங்களுக்கு மிக வசதி. ‘வணிகம் சாரா’ என்று இருந்தால் ஓவியத்தை விற்க முடியாது. ‘மாற்றம் கூடாது’ என்று இருந்தால் அதைப் பார்த்து வரைந்து வெளியிடவே முடியாது. ‘அதே முறையில் பகிர்க’ என்று இருந்தால் உங்கள் ஓவியத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தளத்தில் வணிகத் தடை உள்ள படங்களை ஏற்பதில்லை, அதனால் தேடலை அங்கே தொடங்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏராளமான பறவைப் படங்கள் உண்டு. ஆனால் பலவும் வணிகம் சாரா உரிமத்தில் இருக்கும், சில முழு உரிமையோடும் இருக்கும். ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள வரியைப் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்துச் சேமித்து வையுங்கள். எடுத்தவர் நாளை உரிமத்தை மாற்றினாலும் உங்களிடம் சான்று இருக்கும்.

பிடித்த படத்துக்கு இலவச உரிமம் இல்லை என்றால் நேரடியாக எழுதிக் கேளுங்கள். பறவைப் படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் தாராள மனம் உள்ளவர்கள், ஒழுங்காகக் கேட்டால் தருவார்கள். ‘உங்க படம் சூப்பர், வரையலாமா?’ என்று உள்பெட்டியில் கேட்டு, ‘ஓகே’ என்று பதில் வந்தால் அது எதற்கான அனுமதி என்று தெளிவாக இருக்காது. மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்:

‘வணக்கம். நீங்கள் எடுத்த புள்ளி ஆந்தைப் படத்தை (இணைப்பு கீழே) ஆதாரமாக வைத்து ஒரு பாஸ்டல் ஓவியம் வரைய விரும்புகிறேன். அளவு ஏ3. தலையும் தோளும் மட்டும் வரையப்போகிறேன், பின்னணி மாறும். இந்த ஒரு மூல ஓவியத்தைக் கண்காட்சியில் வைக்கவும் விற்கவும், இணையத்தில் பகிரவும் உங்கள் அனுமதி வேண்டும். அச்சுப் பிரதிகள் போடுவதானால் மறுபடி கேட்பேன். ஓவியத்தின் பின்புறத்திலும் பகிரும் இடங்களிலும் உங்கள் பெயரைக் குறிப்பிடுவேன். பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்றும், கட்டணம் ஏதும் உண்டா என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்.’

என்ன அளவு, எத்தனை ஓவியம், விற்பனை உண்டா, பிரதி உண்டா, பெயர் எங்கே வரும் ஆகிய ஐந்தும் கடிதத்தில் இருக்க வேண்டும். பதில் வந்ததும் அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இரண்டு வாரம் காத்திருக்கத் தயாராக இருங்கள், படம் எடுப்பவர்கள் அடிக்கடி சிக்னல் இல்லாத இடங்களில் இருப்பார்கள். பதில் வராத மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காத்திருக்கும் நாட்களில் அடுத்த மூன்று படிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

கணினி தானாக உருவாக்கித் தரும் ஆந்தைப் படங்கள் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். இறகடுக்கு பல இடங்களில் பொய்யாக இருக்கும். அந்தப் பொய்யை நீங்கள் உழைத்து வரைந்துவிடுவீர்கள்.

3. பொருட்கள்: எதை வாங்குவது, எதைத் தள்ளுவது

ஸ்டேஷனரி கடையில் ‘பாஸ்டல்’ என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆயில் பாஸ்டலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது மெழுகும் எண்ணெயும் சேர்ந்தது. நமக்கு வேண்டியது சாஃப்ட் பாஸ்டல், அதாவது நிறமித்தூளை மிகக் கொஞ்சம் பிசினில் பிசைந்து உலர்த்திய குச்சி. பெட்டியில் ‘சாஃப்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டையும் ஒரே ஓவியத்தில் கலக்க முடியாது, மெழுகின் மேல் தூள் பிடிக்காது.

ஃபேபர் காஸ்டல், முங்யோ போன்றவற்றின் அரைக்குச்சிப் பெட்டி, 24 முதல் 48 வண்ணம் வரை உள்ளது போதும். நான் வாங்கியபோது இந்த வகைப் பெட்டிகள் ஏறக்குறைய 500 முதல் 1500 ரூபாய்க்குள் கிடைத்தன. ஊருக்கு ஊர் கூடக் குறைய இருக்கும். ‘போர்ட்ரெய்ட் செட்’ என்று விற்பதை வாங்க வேண்டாம், அது மனிதத் தோலுக்கான இளஞ்சிவப்பு வரிசை. செனலியே மாதிரி உயர்ரகக் குச்சிகள் ஒன்றே சில நூறு ரூபாய் வரும். பெட்டியாக வாங்காமல் வெள்ளையும் நல்ல மஞ்சளும் மட்டும் தனிக் குச்சியாக வாங்குங்கள். கடைசியில் வைக்கும் கண்ணொளிக்கும் புருவத்துக்கும் அந்த மிருதுவான குச்சிகள் தரும் அழுத்தமான வெண்மை மலிவுப் பெட்டியில் வராது.

உண்மையில் பயன்படப்போகும் வண்ணங்கள் இவ்வளவுதான்: அடர்பழுப்பு, சாம்பல் பழுப்பு, காவி, எலுமிச்சை மஞ்சள், ஆழ்ந்த மஞ்சள், ஆலிவ் பச்சை, நீலச் சாம்பல், மங்கிய ஊதா, கருநீலம், செங்கல் நிறம், சந்தன வெள்ளை, வெள்ளை. இதோடு பழுப்பிலும் கருப்பிலும் ஒவ்வொரு பாஸ்டல் பென்சில், பிசைந்து பயன்படுத்தும் ரப்பர், மாஸ்கிங் டேப், பட்டர் பேப்பர்.

தாளில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண டிராயிங் தாளில் இரண்டாம் பூச்சே வழுக்கும், தூள் உதிரும். தாளுக்குச் ‘சொரசொரப்பு’ வேண்டும். கேன்சன் மி-தான்த் தாள் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடைக் கணக்கு), பல நிறங்களில் கிடைக்கும். அதன் ஒரு பக்கத்தில் தேன்கூடு போன்ற அச்சுக்குழி இருக்கும். அந்தப் பக்கத்தில் வரைந்தால் ஆந்தையின் முகமெங்கும் புள்ளிக்குழி தெரியும், ஆகவே திருப்பிப் போட்டு மென்மையான பக்கத்தில் வரையுங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் பேஸ்டல்மேட் தாள், 360 ஜிஎஸ்எம். விலை பல மடங்கு, ஆனால் பூச்சு மேல் பூச்சாக ஏற்றுக்கொள்ளும், தூளும் குறைவாகவே உதிரும்.

பயிற்சிக்கு ஹார்டுவேர் கடை உப்புத்தாள் அருமையாக உதவும். 400 அல்லது 600 எண் கொண்ட கருப்பு நீர்த்தாள், 23-க்கு 28 செ.மீ., மிகக் குறைந்த விலைதான். இருட்டிலிருந்து ஆந்தை முகம் வெளிப்படுவதை அதில் பழகிப் பார்க்கலாம். நெடுநாள் நிற்கும் ஓவியத்துக்கு அது ஆகாது. குச்சியையும் வேகமாகத் தின்றுவிடும், விரலால் தேய்த்தால் தோலும் உரியும்.

தாளின் நிறம் நடுத்தரச் சாம்பலாகவோ பழுப்பாகவோ இருக்கட்டும். வெள்ளைத்தாளில் ஆந்தையின் வெள்ளைப் புருவம் எடுபடவே எடுபடாது.

4. குச்சியைத் தொடும் முன் நிழலைப் பிரியுங்கள்

படத்தை வண்ணத்திலும் கருப்பு வெள்ளையிலும் இரண்டு அச்சு எடுங்கள். கருப்பு வெள்ளை அச்சைப் பார்த்துத் தீப்பெட்டி அளவில் நாலைந்து சிறு வரைவுகள் போடுங்கள். இருள், நடு, வெளிச்சம் என்று மூன்றே நிலைகள் போதும். இறகு வேண்டாம், புள்ளி வேண்டாம். அந்தச் சின்னக் கட்டத்தில் ஆந்தை உங்களைப் பார்ப்பது போல் தோன்றினால் பெரிய ஓவியமும் பார்க்கும். தோன்றவில்லை என்றால் எத்தனை இறகு சேர்த்தாலும் பார்க்காது. இந்த வேலைக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள்.

ஏ3 தாளில் தலை 15 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். சின்னதாக வரைந்தால் குச்சியின் முனையைவிடக் கண்மணி சிறியதாகிவிடும்.

ஆந்தையின் கண்ணைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதன் கண் நம்முடையது போல் உருண்டையாகச் சுழல்வதில்லை. குழாய் வடிவில், எலும்பு வளையத்தில் நிலையாகப் பதிந்திருக்கிறது. அதனால்தான் கழுத்தை 270 டிகிரி வரை திருப்புகிறது, அதற்கென 14 கழுத்தெலும்புகள் இருக்கின்றன. அப்படியானால் அலகு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் பார்வையும். முகத்தை முக்கால் பக்கம் திருப்பிவிட்டுக் கண்மணியை மட்டும் பார்ப்பவரை நோக்கித் தள்ளி வரைந்தால், அது ஆந்தையின் உடலில் நடக்காத காரியம். முக்கால் பக்கமுள்ள முகத்தில் தூரக் கண் ஒடுங்கிய நீள்வட்டமாக இருக்க வேண்டும், கண்மணியும் அதே அளவு ஒடுங்க வேண்டும். இரண்டு கண்ணின் நடுவையும் சேர்த்து ஒரு கோடு, அதற்குச் செங்குத்தாக அலகின் நடுவில் ஒரு கோடு. முதலில் இந்தச் சிலுவையைச் சரிபார்த்த பிறகே வெளிவட்டத்துக்குப் போங்கள்.

5. அடிப்பூச்சு

ஓவியப் பலகையைச் செங்குத்தாக, கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தாற்போல் நிறுத்துங்கள். உதிரும் தூள் ஓவியத்தின் மேல் விழாமல் நேரே கீழே விழும். கீழே ஈரத்துணி போட்டு வையுங்கள்.

கடினமான குச்சியில் தொடங்கி மிருதுவானதில் முடிக்க வேண்டும், இருளில் தொடங்கி வெளிச்சத்தில் முடிக்க வேண்டும். பழுப்பு ஆந்தைக்கு அடிப்பூச்சைப் பழுப்பில் போடாதீர்கள். நிழல் பகுதிகளில் மங்கிய ஊதாவும் நீலச் சாம்பலும், வெளிச்சம் படும் பக்கத்தில் செங்கல் நிறமும் அகலமாகப் பூசுங்கள். பிறகு மேலே வரும் பழுப்புகளின் இடுக்கில் இந்த நிறங்கள் எட்டிப் பார்க்கும்போதுதான் இறகுக்குள் மாலை வெளிச்சம் நுழைந்த உணர்வு வரும்.

அடிப்பூச்சை மட்டும் விரலாலோ துணியாலோ தேய்த்துப் பரப்பலாம். அதன்பின் தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள். புதியவர்கள் ஒவ்வொரு பூச்சையும் தேய்த்துத் தேய்த்து ஓவியத்தைப் புகைமூட்டமாக்கிவிடுகிறார்கள். குச்சி தாளில் விட்டுப்போன தடம்தான் பாஸ்டலின் அழகு.

6. கண்

இனி சொல்வதில்தான் உணர்ச்சி முழுவதும் இருக்கிறது, நிதானமாகச் செய்யுங்கள்.

கண்ணை எல்லோரும் வட்டமாக வரைகிறார்கள். புள்ளி ஆந்தையின் கண்ணில் மேல்பகுதி முழுதாகத் தெரியாது. புருவ மேடும் மேல் இமையும் வட்டத்தின் உச்சியைக் கொஞ்சம் வெட்டிவிடும். அந்த வெட்டு எவ்வளவு என்பதுதான் பாவனை. சற்று அதிகமாக வெட்டினால் கடுமை, குறைவாக வெட்டினால் வியப்பு, வெட்டவே இல்லையென்றால் பொம்மை. உங்கள் படத்தில் அது எவ்வளவு என்று அளந்து பாருங்கள், மனம் போன போக்கில் முடிவு செய்யாதீர்கள்.

மஞ்சளை ஒரே மஞ்சளாகப் பூச வேண்டாம். இமையின் நிழல் விழும் மேல்பகுதியில் ஆலிவ் பச்சையும் காவியும், நடுவில் ஆழ்ந்த மஞ்சள், கீழ்விளிம்பில் எலுமிச்சை மஞ்சள். இந்த ஒரு ஏற்றம்தான் கண்ணுக்கு உருண்டைத்தன்மையைத் தரும். கண்மணிக்கு நேரடியாகக் கருப்பை வைக்காமல் கருநீலத்தின் மேல் அடர்பழுப்பு வைத்து அழுத்துங்கள், ஆழம் கிடைக்கும். பளீர் வெளிச்சத்தில் எடுத்த படமென்றால் கண்மணி சிறியதாகவும், அந்திநேரப் படமென்றால் பெரியதாகவும் இருக்கும். பின்னணியை இரவாக மாற்றிவிட்டுக் கண்மணியைப் பகல் அளவிலேயே விட்டால் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும்.

வெள்ளை ஒளிப்புள்ளியைக் கடைசியில், ஒரே தொடுதலில் வையுங்கள். வெளிச்சம் வரும் பக்கத்தில், கண்மணியும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில், இரண்டு கண்ணிலும் ஒரே திசையில். ஒரு கண் நிழலில் இருந்தால் அதன் ஒளிப்புள்ளி நீலச் சாம்பலாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே அளவு பளிச்சென்று வைப்பது முகத்தைத் தட்டையாக்கிவிடும்.

புன்னகையையோ சோகத்தையோ நீங்களாகச் சேர்க்காதீர்கள். ஆந்தை மனித முகம் அல்ல, அதன் உணர்ச்சி அதன் விழிப்பில் இருக்கிறது. அது எதையோ கேட்டுத் திரும்பிய அந்தக் கணத்தைக் காட்டினாலே போதும்.

7. முகவட்டும் இறகும்

முகவட்டு என்பது கண்களைச் சுற்றி வட்டமாக அமைந்த முக இறகுகள். அதில் கோடுகளின் திசையை மட்டும் மனதில் வையுங்கள். அலகின் அடியிலிருந்து எல்லாம் வெளியே விரிகின்றன: புருவம் மேல்நோக்கி, கன்னம் பக்கவாட்டில், தாடை கீழ்நோக்கி. அலகைச் சுற்றியுள்ள மயிர் போன்ற இறகுகள் அலகின் பாதியை மறைக்கும். அலகை முழுசாக வரைந்துவிட்டு, மேலே இந்த இழைகளைப் பென்சிலால் இழுங்கள். அலகின் நிறம் பச்சை சாய்ந்த வெளிர்மஞ்சள்.

தலைப் புள்ளிகள் மண்டையின் வளைவைத் தொடர வேண்டும். நெற்றி நடுவில் வட்டமாக, ஓரம் போகப்போக ஒடுங்கி நெருங்கியவையாக. நிழல் பக்கத்துப் புள்ளிகளை வெள்ளையில் வைக்கவே கூடாது, நீலச் சாம்பல் போதும். ஓவியத்தில் தூய வெள்ளை வர வேண்டிய இடங்கள் வெளிச்சப் பக்கத்துப் புருவம், ஓரிரு புள்ளி, கண்ணொளி, அவ்வளவே.

முகத்தில் எவ்வளவு விவரம் கொடுத்தீர்களோ அதில் கால்வாசிகூடத் தோளுக்குக் கொடுக்காதீர்கள். குச்சியைப் படுக்கவைத்து நாலு அகலமான இழுப்பு போதும். நிழல் பக்கத்துத் தோள் விளிம்பு பின்னணிக்குள் கரைந்து போகட்டும். தெளிவான விளிம்பு ஒரே ஓர் இடத்தில், கண்ணருகே இருந்தால் பார்ப்பவர் கண் தானாக அங்கே போகும். பின்னணியை ஓவியம் முடிந்தபின் நிரப்பாதீர்கள், முகத்தோடு சேர்த்தே ஏற்றி வாருங்கள். அதே ஊதாவும் பழுப்பும் பின்னணியிலும் வர வேண்டும்.

அப்புறம் நிறுத்துவது. தாள் தூளை ஏற்க மறுத்து வழுக்க ஆரம்பித்தால் ஓவியம் முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

8. தூசி

வாயால் ஊதாதீர்கள். தூள் அறையெங்கும் பறந்து நுரையீரலுக்குத்தான் போகும். பலகையை வெளியே எடுத்துப்போய்ப் பின்பக்கம் மெல்லத் தட்டுங்கள். என்95 முகக்கவசம் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வரையும்போது எதுவும் சாப்பிட வேண்டாம். சில நிறமிகளில் காட்மியம் போன்ற உலோகங்கள் உண்டு. குழந்தைகள் விளையாடும் அறையில் இந்த வேலையே வேண்டாம்.

9. ஃபிக்ஸேட்டிவும் ஃபிரேமும்

ஃபிக்ஸேட்டிவ் என்பது தூள் உதிராமல் பிடித்துவைக்கத் தெளிக்கும் திரவம். அதை அடித்தால் வெள்ளைகள் மங்கும், வண்ணங்கள் ஒரு படி இருளும். ஆகவே இறுதிப் பூச்சுக்கு முன் ஒருமுறை, ஒன்றரை அடி தள்ளி நின்று, மொட்டைமாடியில் லேசாக அடியுங்கள். உலர்ந்தபின் கண்ணொளியையும் வெள்ளைப் புருவத்தையும் வைத்து, அதன்மேல் எதுவும் அடிக்காமல் விட்டுவிடுங்கள். விலை 300 முதல் 600 ரூபாய் வரை ஆகலாம்.

ஃபிரேம் கடைதான் ஓவியம் அதிகம் சேதமாகும் இடம். நான் கொடுத்த ஒரு கடையில் கண்ணாடியை நேராக ஓவியத்தின் மேல் அழுத்திவிட்டார்கள், பாதி முகத்துத் தூள் கண்ணாடிக்குப் போய்விட்டது. அவர்களுக்குப் போஸ்டரும் போட்டோவும்தான் பழக்கம், பாஸ்டல் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் வேலை செய்பவர் காதுக்குப் போய்ச் சேராது. ஒரு சீட்டில் எழுதி ஓவியத்தின் பின்னால் ஒட்டிவிடுங்கள்:

‘சாக்பீஸ் போல் உதிரும் தூள் ஓவியம். முன்பக்கம் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது. கண்ணாடி ஓவியத்தில் படக் கூடாது. மவுண்ட் போர்டும் உள்ளே 5 மி.மீ. இடைவெளிக் கட்டையும் வைக்கவும். அக்ரிலிக் வேண்டாம், கண்ணாடி மட்டும்.’

அக்ரிலிக் தகட்டில் நிலைமின்சாரம் ஏறித் தூளை இழுக்கும், அதனால்தான் அது வேண்டாம் என்கிறேன். மவுண்ட் போர்டு, அதாவது ஓவியத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை, அமிலமற்றதாக இருந்தால் நல்லது. ஏ3 அளவுக்கு மவுண்டும் கண்ணாடியும் சேர்த்து 800 முதல் 2000 ரூபாய் வரை கேட்பார்கள். இடைவெளிக் கட்டைக்குக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் ஆகும். முடிந்தால் பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது ஓவியத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே, மேலே பட்டர் பேப்பர் வைத்து, நாலு ஓரமும் டேப் போட்டுப் படுக்கையாகக் கொண்டுபோங்கள். சுருட்டவே கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் ஃபிரேம் போடாமல் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். ஈரக்காற்றை உள்ளே வைத்துப் பூட்டினால் அடர்ந்த நிறங்களின் மேல் வெள்ளைப் பூஞ்சை வரும்.

10. விற்பதானால், யாராவது வரையச் சொன்னால்

யாராவது பணம் கொடுத்து ‘எனக்கு ஓர் ஆந்தை வரைந்து தாருங்கள்’ என்று கேட்டால், முன்பணம் வாங்கும் முன் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, கூலி பெற்றுக்கொண்டு ஒருவருக்காக வரைந்த ஓவியத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வரையச் சொன்னவரே. ‘மூல ஓவியம் உங்களுக்கு, பதிப்புரிமை வரைந்தவருக்கு’ என்று ஒரு வரி இருவர் கையெழுத்தோடு இருந்தால் பின்னால் நீங்கள் அதை வாழ்த்து அட்டையாகவோ பிரதியாகவோ போட முடியும். அந்தப் பிரதிக்குப் புகைப்படம் எடுத்தவரின் அனுமதியும் தனியே வேண்டும் என்பதை மறக்காதீர்கள். உங்கள் பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை, வரைந்ததுமே அது உண்டு.

கண்ணாடியோடு கூரியரில் அனுப்ப வேண்டாம். உடைந்தால் சில்லு ஓவியத்தைக் கிழிக்கும். ஃபிரேம் இல்லாமல், பட்டர் பேப்பர் மூடி, இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, மேலே பிளைவுட் வைத்து அனுப்புங்கள். வாங்குபவருக்கு மேலே உள்ள ஃபிரேம் சீட்டின் நகலையும் உள்ளே வையுங்கள்.

ஓவியத்தின் பின்புறம் பென்சிலால் பறவையின் பெயர், வரைந்த ஆண்டு, தாளின் பெயர், புகைப்படம் எடுத்தவரின் பெயர் நாலையும் எழுதுங்கள். ஃபிரேமுக்குள் போனபின் அது தெரியாது என்பதால் அதே விவரத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஃபிரேமின் பின்பலகையிலும் ஒட்டுங்கள். வெயில் நேரடியாக விழாத, குளியலறையை ஒட்டாத சுவரில் மாட்டுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள், கண்ணாடியில் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.